வீட்டு வாசலிலேயே கார் சர்வீஸ் செய்தால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

ஊமச்சிகுளத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஊமச்சிகுளத்தில் குடியிருக்கிறேன், வேலை கே.புதூர்த் தொழிற்பேட்டையில். 2019-இல் வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதில்லை. வாரண்டி முடிந்து நாளாகிவிட்டது.

சென்ற ஆண்டு சர்வீசுக்கு விட்டு எடுத்தபோது 8,760 ரூபாய் பில் வந்தது. அன்றைய அவசரத்தில் கட்டிவிட்டு வந்துவிட்டேன். இந்த ஆண்டு சர்வீஸ் நெருங்கிவிட்டதாக அவர்களிடமிருந்து தொலைபேசி வந்த பிறகுதான் பழைய பில்லைத் தேடியெடுத்து வரி வரியாகப் படித்தேன். ஜிஎஸ்டியும் சேர்த்து இன்ஜின் ஆயில் 1,890, ஆயில் ஃபில்டர் 110, ஏர் ஃபில்டர் 340, ஏசி ஃபில்டர் 420, கூலி 1,850. இவை போக, இன்ஜினின் உட்புறத்தைக் கழுவும் இன்ஜின் ஃப்ளஷ் 650, இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்ததற்கு 900, ஏசி கிருமிநீக்கத்துக்கு 750, பிரேக் சுத்தம் செய்ததற்கு 800, உட்புற மெருகேற்றலுக்கு 1,050. கடைசி ஐந்தில் எதையும் நான் கேட்டதாக நினைவில்லை. ஆனால் வண்டியை விடும்போது அவர்கள் நீட்டிய தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

வீட்டு முன்னால் சமதளமான சிமென்ட் தரை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நேரமும் இருக்கிறது. ஆனால் நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். கழன்ற சைக்கிள் செயினை மாட்டியதற்கு மேல் பானா பிடித்துப் பழக்கமில்லை. என்னைப் போன்றவர் சொந்தமாகச் சர்வீஸ் செய்வது சாத்தியமா, உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா, எதில் கை வைக்கக் கூடாது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆனையூர் அரைமெக்கானிக் எழுதியது:

ஊமச்சிகுளம் நண்பருக்கு வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக என் காருக்கு நானே ஆயில் மாற்றிவருகிறேன். எனவே தாராளமாக இறங்குங்கள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் முதலில் கணக்கைப் பேசிவிடுவோம்.

நீங்கள் பட்டியலிட்ட ஆயிலும் மூன்று ஃபில்டர்களும் சேர்ந்து 2,760 ரூபாய். இதே பொருட்களை, அசல் ஃபில்டர்களாகவே, ஸ்பேர்ஸ் கடையில் நான் கடைசியாக வாங்கியபோது, ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெய்ன் போல்ட்டின் வாஷரையும் சேர்த்து 2,155 ரூபாய் ஆனது. பொருளில் மிச்சம் 605, கூலி 1,850, ஆகச் சொந்தமாகச் செய்தால் 2,455 ரூபாய் மிச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹைட்ராலிக் ஜாக், ஒரு ஜோடி இரும்பு ஸ்டாண்ட், சாக்கெட் செட், போல்ட்டை அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்ச், ஃபில்டர் கழற்றும் ரெஞ்ச் ஆகியவற்றுக்கு எனக்கு 8,950 ரூபாய் செலவானது. அந்தப் பணம் திரும்பி வருவதற்கே நான்காவது சர்வீஸ் ஆகிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே பொருட்களை நாமே வாங்கிக்கொண்டு, நம் தெருவில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போனால், எங்கள் பகுதியில் 400 ரூபாய் கூலி வாங்கிக்கொண்டு கண் முன்னாலேயே மாற்றித் தருகிறார். அப்போது மிச்சம் 2,055. அவரைவிட நான் கூடுதலாக மிச்சப்படுத்துவது ஆண்டுக்கு 400 ரூபாய்தான். அந்த 400-ஐ வைத்து 8,950 ரூபாய்க் கருவிகளின் விலையை மீட்பதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் கார் பேரீச்சம்பழத்துக்குப் போய்விடும்.

ஆக, உங்கள் பில்லில் உண்மையான பெருஞ்செலவு எது என்று பாருங்கள். கேட்காமலே சேர்க்கப்பட்ட அந்த ஐந்து இனங்களும் 4,150 ரூபாய், ஏறக்குறைய பாதி. அதை மிச்சப்படுத்த ஸ்பேனரும் வேண்டாம், ஜாக்கும் வேண்டாம். உரிமையாளர் கையேட்டில் இருக்கும் பராமரிப்பு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளதை மட்டும் செய்யுங்கள், மற்றதைச் செய்வதற்கு முன் என்னைக் கேளுங்கள் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு ஆண்டுதோறும் இன்ஜின் ஃப்ளஷ் தேவையில்லை. உரிய காலத்தில் ஆயில் மாற்றுவதே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

பிறகு நீ ஏன் சொந்தமாகச் செய்கிறாய் என்று கேட்பீர்கள். எந்த ஆயில் உள்ளே போயிருக்கிறது என்பதை நான் அறிவேன், அதற்காகத்தான். கூடவே, வண்டிக்கு அடியில் ஆண்டுக்கு ஒருமுறை படுத்து எழுந்தால், கிழிந்த ரப்பர் பூட், எலி கடித்த ஒயர், கசிகிற ஷாக் அப்சார்பர் எல்லாம் பெரிய செலவாவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடும்.

திருநகர் வாசகி எழுதியது:

நான் ஆயில் மாற்றுவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் அதற்கு இடமும் இல்லை, சங்கத்தார் அனுமதிக்கவும் மாட்டார்கள். ஆனால் ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர் பட்டை, பேட்டரி முனைகள் ஆகிய நான்கையும் ஐந்து ஆண்டுகளாக நானேதான் பார்த்துக்கொள்கிறேன். கேள்வி கேட்ட சகோதரர் இங்கிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. வண்டிக்கு அடியில் போகாமல், உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய வேலைகள் இவை.

எனக்கு இந்தப் பழக்கம் வந்த கதையைச் சொல்கிறேன். ஒருமுறை சர்வீசுக்கு விடுவதற்கு முன், விளையாட்டாக ஏர் ஃபில்டரின் ஓரத்தில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். புதிய ஃபில்டர் என்று பில் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் என் சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது. மேலிருந்த தூசியை மட்டும் காற்றடித்துத் தட்டியிருந்தார்கள். எந்த நிறுவனம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஏசி ஃபில்டர் பெரும்பாலான சிறிய கார்களில் முன் இருக்கைக்கு எதிரே இருக்கும் கையுறைப் பெட்டிக்கு (குளோவ் பாக்ஸ்) பின்னால் இருக்கிறது. பெட்டியின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே இறங்கிவிடும். பின்னால் ஒரு நீள மூடி தெரியும். அதைக் கழற்றிப் பழையதை உருவிவிட்டு, அம்புக்குறி காட்டும் திசையில் புதியதைச் செருக வேண்டும். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் ஃபில்டரே வைக்காமல் வெற்று அறை மட்டும் விட்டிருப்பார்கள் என்பதால், வாங்குவதற்கு முன் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வண்டி வேப்பமரத்தடியில்தான் நிற்கும். சித்திரை முடிந்து நான் உருவிய ஃபில்டரின் ஒவ்வொரு மடிப்பிலும் காய்ந்த வேப்பம்பூ அடைந்து கிடந்தது; ரசம் வைக்கும் அளவுக்குத் தேறும் என்று அம்மா சிரித்தார்கள். ஏசியில் காற்று வரவில்லை, கேஸ் குறைந்திருக்கும் என்று அதற்கு முந்தைய வாரம்தான் ஒருவர் என்னிடம் இரண்டாயிரம் ரூபாய் கேட்டிருந்தார்.

மேலூர் பழைய பட்டறை எழுதியது:

தம்பி, முப்பத்தொரு வருடம் பட்டறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். சொந்தமாகச் செய்யலாம், தவறில்லை. ஆனால் நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளில் முதலில் பதில் தேட வேண்டியது கடைசிக் கேள்விக்குத்தான்.

முதல் செய்தி: வண்டியோடு வந்த ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி அடியில் படுக்கக் கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அதைவிட மோசம். வீடு கட்டி மீந்த ஹாலோ பிளாக் எல்லோர் வீட்டிலும் கிடப்பதால் அதைத்தான் முட்டுக் கொடுக்கிறார்கள். அது வளையாது, விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரு நொடியில் பொடிந்துவிடும். மேலே இருப்பது முக்கால் டன்னுக்கு மேற்பட்ட எடை. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகு வண்டியைத் தூக்கி, இரும்பு ஸ்டாண்டின் மீது, கையேட்டில் காட்டியுள்ள இடத்தில் இறக்கி, பக்கவாட்டில் ஒருமுறை பலமாக அசைத்துப் பார்த்த பிறகே தலையை உள்ளே விட வேண்டும். வீட்டில் யாருமில்லாத நேரத்தில் செய்யாதீர்கள்.

இரண்டாவது, ஆயில் மாற்றும் வேலை. இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில் அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். ஆயில் ஊற்றும் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, அடியில் ட்ரெய்ன் போல்ட்டைத் திறந்து, சொட்டு நிற்கும்வரை விடுங்கள். போல்ட்டைத் திரும்பப் போடும்போது வாஷர் புதிதாக இருக்கட்டும். முதல் நான்கு சுற்றும் விரலாலேயே ஏற வேண்டும். விரலால் ஏறவில்லை என்றால் கோணலாக நிற்கிறது என்று பொருள். அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் மரை போய்விடும். கசிந்துவிடுமோ என்ற பயத்தில், இருக்கும் பலத்தையெல்லாம் கூட்டி இறுக்கி, மரை வழுக்கிய நிலையில் எங்களிடம் வண்டியைக் கொண்டு வந்தவர்கள் பலர். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புது மரை போட்டு வருவதற்குள், அவர்கள் மூன்று சர்வீசில் மிச்சம் பிடித்தது கரைந்துவிடும்.

மூன்றாவது செய்தி என் தவறு. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடகைக் காருக்கு ஆயில் ஃபில்டர் மாற்றினேன். பழைய ஃபில்டர் வந்துவிட்டது. அதன் ரப்பர் வளையம் மட்டும் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றதை நான் பார்க்கவில்லை. அதன் மேலேயே புதிய ஃபில்டரை ஏற்றினேன். பட்டறையில் ஓடவிட்டபோது ஒன்றும் தெரியவில்லை. வண்டி கொட்டாம்பட்டி தாண்டுவதற்குள் இரண்டு வளையங்களுக்கும் நடுவில் ஆயில் பிதுங்கி, ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போயிருக்கிறது. ஓட்டுநர் டேஷ்போர்டில் எரிந்த சிவப்பு ஆயில் விளக்கைப் பார்த்தவுடன் இன்ஜினை நிறுத்தியதால் அது தப்பியது. அன்றிலிருந்து பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதைத் திருப்பிப் பார்த்து, வளையம் அதோடு வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போனதில்லை. புதிய ஃபில்டரின் வளையத்தில் கொஞ்சம் புது ஆயிலைத் தடவி, கையால் சுற்றி, வளையம் தொட்ட பிறகு ஃபில்டரின் மேல் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும், பெரும்பாலும் முக்கால் சுற்று, இறுக்கினால் போதும்.

உங்கள் வண்டிக்கு ஃபில்டரோடு மூன்று லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். சரியான அளவு கையேட்டில் இருக்கிறது. கொஞ்சம் குறைவாகவே ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருந்தால் சரி. கூடுதலாக ஊற்றுவதும் கெடுதல்தான். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அடித்து ஆயில் நுரைத்துப்போகும். அன்றிரவு வண்டிக்கு அடியில் தினசரித்தாளை விரித்து வையுங்கள். காலையில் தாளே மீதியைச் சொல்லும்.

பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் இணைப்பு, ஏசி கேஸ் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். ஹைப்ரிட் வண்டியென்றால் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் ஆண்டுக்கு ஒருவராவது முகத்தை வேகவைத்துக்கொண்டு வருவார்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்திருந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் போலவே ரேடியேட்டருக்குள்ளும் படியும்.

செல்லூரான் எழுதியது:

இரண்டு சந்தேகங்கள். மதுரை வெயிலுக்குத் தடிமனான 20டபிள்யூ-50 ஆயில்தான் ஏற்றது என்று கடைக்காரர் சொல்கிறார், சரியா? அடுத்தது, என் வண்டி வாங்கி ஓராண்டுதான் ஆகிறது. வெளியில் ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

ஆனையூர் அரைமெக்கானிக் எழுதியது:

கடைக்காரர் சொல்வது பழைய இன்ஜின்களின் காலத்துப் பேச்சு. எடுத்துக்காட்டாக, 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயிலின் பெயரில் பின்னால் வரும் 30 என்ற எண், 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதைக் குறிக்கிறது. வெளியே அடிக்கும் வெயிலை அல்ல. கத்திரி வெயிலானாலும் மார்கழிப் பனியானாலும், இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்யும்வரை இன்ஜின் ஏறத்தாழ ஒரே சூட்டில்தான் ஓடுகிறது. மெல்லிய ஆயிலுக்காக வடிவமைத்த இன்ஜினில் தடித்த ஆயிலை ஊற்றினால் மைலேஜ் குறையும். வண்டியை எடுத்தவுடன் மேல்பகுதிக்கு ஆயில் போய்ச் சேரவும் தாமதமாகும். கையேட்டில் என்ன தரம் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். காலி டப்பாவைப் பழைய இரும்புக்கடையில் போடும் முன் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள். முழு டப்பாவாகக் கொடுத்தால், கலப்பட ஆயிலை நிரப்பி அதையே நமக்குத் திரும்ப விற்க ஆளிருக்கிறார்கள்.

வாரண்டி விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.64 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்கான வழக்கு அது. வெளிப்பட்டறைக்குப் போன ஒரே காரணத்துக்காக வாரண்டியை முழுவதும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. பிறகு அந்த வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. சட்டம் நம் பக்கம் சாய்ந்திருந்தாலும், இன்ஜினில் கோளாறு வந்த அன்று கவுன்டரில் நின்று வாதாடப்போவது நாம் மட்டுமே. எனவே வாரண்டி முடியும்வரை அவர்களிடமே விட்டு, அட்டவணையில் உள்ள வேலையை மட்டும் செய்யச் சொல்வதே லாபம். முடிந்த பிறகும் ஆயில், ஃபில்டர் வாங்கிய பில்களையும், தேதியும் கிலோமீட்டரும் எழுதிய ஒரு நோட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வண்டியை விற்கும்போது, சர்வீஸ் வரலாறு இல்லை என்று சொல்லி விலையைக் குறைப்பவரின் வாயை அந்த நோட்டு ஓரளவு அடைக்கும்.

வண்டியூர்க் கண்மாய் எழுதியது:

வடித்த பழைய ஆயிலை என்ன செய்கிறீர்கள் என்று யாருமே சொல்லவில்லையே. எங்கள் தெருவில் ஒருவர் ராத்திரி வேளையில் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் போகிறார். மறுநாள் மழை பெய்தால் வாய்க்கால் முழுக்க வானவில் படலம் மிதக்கிறது. எங்கள் தாத்தா மாட்டுத்தொழுவத்துக் கால்களுக்குச் செல் அரிக்காமல் இதைப் பூசுவார், அதையாவது செய்யலாமா?

மேலூர் பழைய பட்டறை எழுதியது:

நானும் பூசியிருக்கிறேன் தம்பி. அந்தக் காலத்தில் தெரியாது. பழைய ஆயில் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளுக்குள் வரும் சரக்கு. மழைக்குக் கரைந்து தொழுவத்து மண்ணிலும் பக்கத்துக் கிணற்றிலும்தான் போய்ச் சேரும். கையில் அடிக்கடி படுவதும் தோலுக்கு ஆகாது, உறை போட்டுக்கொள்ளுங்கள். புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி மூடி, பக்கத்துப் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்கள் பேரலில் சேர்த்துக்கொள்வார்கள். அதை எடுத்துச் சுத்திகரிப்பவர்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். டப்பாவில் ஓட்டை போடும் வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊமச்சிகுளத்தான் எழுதியது, மூன்று வாரங்கள் கழித்து:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆனையூர் நண்பரின் கணக்கை வீட்டுக்காரம்மாவிடம் காட்டினேன். இருபத்திரண்டு ஆண்டுக் கணக்கைப் பார்த்ததும் ஜாக் வாங்கும் யோசனை அன்றே கைவிடப்பட்டது.

இரண்டு ஃபில்டர்களையும் முதல் ஞாயிற்றுக்கிழமை நானே மாற்றினேன். ஏர் ஃபில்டர் பத்து நிமிடம். ஏசி ஃபில்டருக்கு ஒரு மணி நேரம் ஆனது. கையுறைப் பெட்டியின் பக்கங்களை எவ்வளவு தூரம் அழுத்துவது என்று தெரியாமல், உடைந்துவிடுமோ என்ற பயத்திலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. சகோதரி சொன்ன வேப்பம்பூ என் வண்டியில் இல்லை. அதற்குப் பதிலாக எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சும் மூன்று நிலக்கடலைத் தோலும் இருந்தன.

அடுத்த வாரம் ஆயிலும் ஃபில்டரும் வாஷரும் வாங்கிக்கொண்டு எங்கள் ஊர்ப் பட்டறைக்குப் போனேன். அவர் 450 கேட்டார், கொடுத்தேன். பழைய ஃபில்டரைக் கழற்றியதும், பெரியவர் சொன்னபடி, அண்ணே, கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வளையத்தைத் தானே விரலால் தடவிக் காட்டினார். பிறகு, உங்களுக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தார். பொருளும் கூலியும் சேர்த்து இந்த ஆண்டுச் செலவு 2,640 ரூபாய். பழைய ஆயில் அவருடைய பேரலுக்கே போய்விட்டது.

இரவில் தினசரித்தாளை விரித்து வைத்தேன். காலையில் பார்த்தபோது ஒரு சொட்டும் இல்லை. பூனையின் காலடித் தடங்கள் மட்டும் இருந்தன. ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு டிப்ஸ்டிக்கை மறுபடியும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.